பிளேட்டுக்குப் பழகும் வீடு

எட்டு வயதுப் பிள்ளை, வாயில் போடச் சொல்லிக் கொடுத்த பிளேட்டைப் போடாமலே அடுத்த கிளினிக்குக்கு வந்து நின்றால், அட்டையில் ‘ஒத்துழைப்புப் போதாது’ என்று எழுதிவிடுவது பற்சீரமைப்புத் தொழிலில் உலகமெங்கும் உள்ள பழக்கம். எழுதுகிறவர் பொய் எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு வரி முழுப் பொறுப்பையும் எட்டு வயதின் தலையில் ஏற்றிவிடுகிறது. இலங்கை மலைநாட்டில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, பூண்டுலோயா என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு நாளாக ஆக அந்த வரியில் நம்பிக்கை குறைந்துபோகும். காலையில் பெரட்டு முடிந்ததும் அம்மா மலைக்கு ஏறிவிடுகிறார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பாட்டி. வலிக்கும்போது பக்கத்தில் இருப்பதும் பாட்டிதான். கம்பி வளைந்தால் காட்டப் போவதற்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிளேட் பெட்டிக்குள் கிடந்தால், பிள்ளையின் பிடிவாதத்தைக் கடைசிக் காரணமாகத்தான் எண்ண வேண்டும். சிறுவயதுப் பற்சீரமைப்புக்குப் பிள்ளையைப் பழக்குவது பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: பிள்ளை பழகுமா பழகாதா என்பது, பிளேட் வாய்க்குள் போவதற்கு முன்பே, சுற்றியிருக்கும் பெரியவர்கள் செய்துவைக்கும் ஏற்பாட்டில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே வைத்தியர் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வாயோடு சேர்த்து வீட்டையும் பார்க்க வேண்டும்.

முதலில், யாருக்கு இந்தச் சிகிச்சை தேவை என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஆறு வயதளவில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பாற்பல்லும் நிரந்தரப் பல்லும் ஒரே வாயில் கலந்திருக்கும். இந்தக் காலத்தில் தாய்மாரைக் கவலைப்படுத்தும் கோணல்களில் பல தாமாகவே சரியாகக்கூடியவை. ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்து நடுவில் இடைவெளியோடு நிற்கும். பதினொன்று பன்னிரண்டில் வேட்டைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அமெரிக்கரான பிராட்பென்ட் 1937இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். ஆனால் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து கடித்தால், அந்தக் கீழ்ப்பல்லின் முரசு நாளடைவில் இறங்கிவிடலாம். பக்கப் பற்கள் மாறிக் கடித்து, வாயை மூடும்போது தாடை ஒரு புறமாக நகர்ந்தால், வளரும் முகமும் அந்தப் புறத்துக்கே சாயத் தொடங்கும். பத்து வயதில் வேட்டைப்பல்லின் புடைப்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நல்லது. மேல் முன்பற்கள் மிக எடுப்பாக நின்றால், பிள்ளை விழும்போது முதலில் அடிபடுவது அவைதான்.

இந்தப் பட்டியலைச் சுருக்கமாக வைத்திருக்கச் சொல்வதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் வட கரோலைனா, புளோரிடா பல்கலைக்கழகங்களிலும், பிறகு இங்கிலாந்தில் கெவின் ஓ’பிரையன் தலைமையிலும், எடுப்புப்பல் உள்ள பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சிகிச்சை. மறுபகுதியினருக்குப் பதின்ம வயதில். முடிவில் இரு பகுதியினரின் பல்லும் தாடையும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. முந்தித் தொடங்கியவர்கள் கூடுதலான காலம் கிளினிக்குக்கு அலைந்திருந்தார்கள், அவ்வளவுதான். 2013இல் பத்ரி திருவேங்கடாச்சாரியும் ஓ’பிரையனும் வேறு இருவரும் இந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கொக்ரேன் மதிப்பாய்வாக வெளியிட்டபோது, முந்தித் தொடங்குவதால் கிடைக்கும் நன்மையாக அவர்களால் காட்ட முடிந்தது முன்பல் அடிபடுவது குறைவதை மட்டுமே. ஒரு பிள்ளையை அந்த விபத்திலிருந்து காக்க ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்து ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சிறுவயதில் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தம்மைப் பற்றிய மதிப்பு கூடியது, கேலிக்கு ஆளாவது குறைந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எடுப்புப்பல் என்ற ஒரே காரணத்துக்காகத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றை எட்டு வயதில் நீண்ட சிகிச்சையில் இறக்குவதை என்னால் ஆதரிக்க முடியாது. பல் மிக வெளியே நின்று, உதடு அதை மூடாமல், செங்குத்துப் படிக்கட்டிலும் மழையில் வழுக்கும் குறுக்குப் பாதையிலும் நாள்தோறும் இறங்கி ஏறும் பிள்ளை என்றால் கணக்கு மாறும். கேலி தாங்காமல் பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளை என்றாலும் மாறும். மற்றவர்கள் பன்னிரண்டு வயது வரை காத்திருக்கலாம். பழக்க வேண்டிய பிள்ளைகளின் தொகையைக் குறைத்துக்கொண்டால்தான் பழக்குவதற்கு நேரம் கிடைக்கும்.

தோட்டங்களில் இந்தத் தேவை எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலைநாட்டு ஊற்றுநீரில் ஃபுளோரைட் குறைவு. அநுராதபுரப் பக்கத்து வறண்ட வலயத்தில் அது கூடிப்போய்ப் பல்லில் கறையாகத் தெரிகிறது. இங்கே அந்தக் கவலை இல்லை, அதோடு அது தரும் காப்பும் இல்லை. சீனி போட்ட தேத்தண்ணியும் அதில் தோய்த்த பிஸ்கட்டும் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஐந்து வயதில் பாற்கடைவாய்ப்பல் சூத்தையாகி, வலி தாங்காமல் பிடுங்க வேண்டி வருகிறது. ‘பாற்பல்தானே, எப்படியும் விழப்போகிறது’ என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பல்லுக்குப் பின்னால் ஆறு வயதில் முளைக்கும் பெரிய பல் முன்னே நகர்ந்து, அடியில் காத்திருக்கும் பல்லின் இடத்தை எடுத்துக்கொள்வதை அவர்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். இடத்தைக் காக்கும் ஒரு சிறு வளையமும் கம்பியும் அந்த நேரத்தில் போதும். பிள்ளைக்கு அதில் பழகுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. சில நாளில் மறந்துவிடும். பின்னாளில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பற்களை நேராக்க இரண்டு வருடம் கம்பி போடுவதோடு ஒப்பிட்டால், பிள்ளையை மிக எளிதாகப் பழக்கும் வழி பாற்பல்லைக் காப்பதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. விரல் சூப்புவதும் அப்படியே. நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாமே விட்டுவிடுகின்றன. விடாத பிள்ளையின் விரலில் வேப்பெண்ணெயும் மிளகாய்த்தூளும் தடவுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பயத்திலும் தனிமையிலும் விரலைத் தேடும் பிள்ளைக்கு அது இன்னொரு பயத்தைக் கொடுக்கிறது. முன் நிரந்தரப் பற்கள் இறங்குவதற்குள் பழக்கம் நின்றால், திறந்து நிற்கும் கடி பெரும்பாலும் தானே மூடிவரும் என்று பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்பவருக்கும் பாட்டிக்கும் பொறுமையாகச் சொல்லிவைத்தால் போதும்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும், அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணும் புற்றுநோய். முரசு நோயும் சூத்தையும் லயம் லயமாக இருக்கின்றன. இந்த நிலையில் பல்லை நேராக்குவது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் இல்லையா? தோட்டத்து வாயைப் பற்றி உலகம் அறிந்த அளவை நினைத்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வேஜிய ஆராய்ச்சியாளரின் குழு பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளரின் பற்களையும் முரசையும் அளந்தது. ஒஸ்லோவில் மாணவர்களையும் கல்வியாளர்களையும் கொண்டு முந்தைய ஆண்டு தொடங்கிய ஆய்வுக்கு இது மறுபாதி. பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்களிடம் முரசு நோய் எப்படி நடக்கும் என்று அறிவதே நோக்கம். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் விரைவாகவும், 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முன்னேறியது. மீதி 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் போகவில்லை. நாற்பது வருடம் கழித்து, 2010இலும், உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் பாடம் இது. அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைய பல் வைத்தியத்தில் பங்கு கேட்பதை ஆடம்பரம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

ஆனால் நியாய உணர்ச்சி மட்டும் பதிலாகாது. முன்னுரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என் பதில் மேலே சொன்ன சுருங்கிய பட்டியலில் இருக்கிறது. உள்ளே விழுந்து கடிக்கும் முன்பல்லை வெளியே தள்ளுவது முரசைக் காக்கும் வேலை. இடத்தைக் காப்பது சூத்தையின் பின்விளைவைத் தடுக்கும் வேலை. இவற்றில் பல சில மாதங்களில் முடியக்கூடியவை. புற்றுநோயைத் தேடும் கண்ணும் இவற்றைத் தேடும் கண்ணும் ஒன்றுக்கொன்று போட்டியாக வேண்டியதில்லை, ஏனென்றால் பிள்ளைகளின் வாயை முதலில் பார்ப்பவர்கள் வேறு. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 1950களில் கொழும்புத் திட்டத்தின் உதவியோடு இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை உருவானது. மகரகமையில் பயிற்சி பெற்ற பற்சிகிச்சையாளர்கள் மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு மிக அருகில் இருக்கும் பல் அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது. பற்சீரமைப்பு நிபுணர்களோ பெரிய அரச வைத்தியசாலைகளிலும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் இருக்கிறார்கள். இந்த இரண்டு இடத்துக்கும் இடையில்தான் பிள்ளை தனித்துப்போகிறது.

அந்த இடைவெளியின் விலையை ரூபாவில் போட்டுப் பார்க்கலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தாடையை முன்கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற பிளேட் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை வாயில் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை காட்டினாலும் எட்டுப் பத்துத் தடவை போக வேண்டும். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு இறங்கி, அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போய்த் திரும்ப ஒரு முழுநாள். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் பத்துத் தடவை என்றால் பயணச் செலவைச் சேர்க்காமலே 13,500 ரூபா. இதற்கு மேல் இடையில் ஒரு கம்பி உடைந்தால் அது பதினோராவது பயணம். அந்தப் பயணத்தைத் தவிர்க்க வீட்டார் எடுக்கும் முடிவு, அடுத்த திகதி வரும்வரை பிளேட்டைக் கழற்றி வைப்பது. ஆறு வாரம் கழற்றி வைத்தால் பல் பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கும்; மறுபடி போடும்போது முதல் நாளை விட அதிகமாக வலிக்கும்; பிள்ளை வேண்டாம் என்னும். அட்டையில் அந்த வரி ஏறும். காரியங்கள் இந்த வரிசையில் நடந்தன என்பதை அட்டை சொல்லாது.

எனவே கருவித் தேர்வு முக்கியமாகிறது. பக்கப் பற்கள் மாறிக் கடிப்பதற்கு, நடுவில் திருகு வைத்த கழற்றும் பிளேட் ஒன்று உண்டு. வீட்டில் யாராவது குறித்த நாளில் சிறு சாவியால் திருகைத் திருப்ப வேண்டும். கடைவாய்ப் பல்லோடு ஒட்டிவிடும் ‘குவாட் ஹீலிக்ஸ்’ என்ற கம்பியும் உண்டு; அதற்கு வீட்டில் யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. சுவீடனின் மால்மோவில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஒட்டிய கம்பி போட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் கடி சரியாயிற்று. கழற்றும் பிளேட் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சரியாகவில்லை. பிளேட்டை ஒழுங்காகப் போடாததே காரணம். இங்கிலாந்தில் ட்வின் பிளாக் போட்ட பதின்ம வயதினரிலும் மூன்றில் ஒருவர் முடிக்காமல் விட்டதாக 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே வேலைக்கு ஒட்டிவைக்கும் ஹெர்ப்ஸ்ட் கருவி போட்டவர்களில் விட்டவர்கள் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. பிளேட்டுக்குள் நுண்ணிய உணரியை வைத்து அளந்தவர்களும், பிள்ளைகள் போட்டதாகச் சொல்லும் நேரத்தை விட உண்மையில் போட்ட நேரம் குறைவு என்றே கண்டார்கள். வசதியான நாடுகளிலேயே இதுதான் நிலை என்றால், தோட்டத்துப் பிள்ளைகள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்று தனியாகச் சொல்வது அநியாயம். ஒட்டிவைக்கக்கூடியது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதையே தேர்ந்தெடுப்பது, பழகும் சுமையைப் பிள்ளையிடமிருந்து இறக்கிவைக்கும் வழி. ஒட்டியதிலும் குறை உண்டு; அதைச் சுற்றி அழுக்குச் சேரும், கழற்றித் துலக்க முடியாது, ஒட்டு விட்டால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். சூத்தை மிகுந்த வாயில் முதலில் சூத்தையை அடைத்து, துலக்கும் பழக்கத்தை உறுதி செய்த பிறகே அதைப் போட வேண்டும்.

கழற்றும் பிளேட் தவிர்க்க முடியாதபோது, முன்கூட்டிச் சொல்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. பிள்ளை வைத்தியத்தில் சொல், காட்டு, செய் என்ற வரிசை 1959இல் அடல்ஸ்டன் எழுதியது முதல் எல்லோருக்கும் தெரியும். இதில் நாம் அடிக்கடி விடும் பகுதி சொல்வது. சிங்களம் மட்டும் பேசும் வைத்தியரும் தமிழ் மட்டும் பேசும் பாட்டியும் சந்திக்கும் அறையில், விளக்கம் ஐந்து சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. மொழிபெயர்க்க நிற்பது பெரும்பாலும் பிள்ளையேதான். நோயாளியையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கினால், வலிக்கும் என்ற வாக்கியத்தை அது பாட்டிக்குச் சொல்லாமல் விட்டுவிடும். பிள்ளைக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இன்றைக்கு இராத்திரி அழுத்தம் தெரியும், நாளைக்குத்தான் அதிகமாக வலிக்கும், மூன்றாம் நாள் குறையும், ஒரு கிழமையில் மறந்துவிடும், எச்சில் நிறைய ஊறும், பேச்சுக் கொஞ்சம் தடுக்கும். ‘ஒன்றும் வலிக்காது மகள்’ என்று சொல்லிப் போட்டுவிட்டால், இரண்டாம் நாள் அந்தப் பிள்ளை பிளேட்டோடு சேர்த்து நம்மையும் நம்பாது. வலி இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போவதால், முடிந்தவரை வெள்ளிக்கிழமை பிளேட் போடுவது நல்லது. சனிக்கிழமை பாடசாலை இல்லை, ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருப்பார். பிள்ளையின் நிறைக்கு ஏற்ற பெனடோல் அளவை மில்லிலீட்டரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாட்டி கொடுக்கப் பயப்படுவார்.

இதோடு இன்னொரு வேலை, செலவே இல்லாதது. 2005இல் அமெரிக்காவில் கம்பி போட்டவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு வலியைப் பற்றிய விளக்கத்தோடு தொலைபேசி அழைப்பு. இன்னொரு பிரிவினருக்கு, வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லும் அழைப்பு. மூன்றாவது பிரிவினருக்கு அழைப்பே இல்லை. அழைப்புப் பெற்ற இரு பிரிவினருக்கும் வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன, இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. என்ன சொன்னார்கள் என்பதை விட, யாரோ நினைத்து அழைத்தார்கள் என்பதே வேலை செய்திருக்கிறது. லயத்தில் இன்று தொலைபேசி இல்லாத வீடு அரிது. மறுநாள் மாலை ஐந்தரைக்கு, கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீடு திரும்பிய பிறகு, இரண்டு நிமிடம் தமிழில் பேசினால் பிளேட் வாயில் நிற்கும் வாய்ப்புக் கூடும் என்றே இந்த ஆய்வைப் படித்து நான் முடிவு செய்கிறேன். கம்பி குத்துகிறது என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். எது பொறுக்கக்கூடியது, எதற்கு உடனே வர வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பதினோராவது பயணம் இப்படித்தான் குறையும்.

பேச்சைப் பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் ‘ஸ்’ ஒலி கெடும் என்று எழுதி, எண்களைச் சொல்லிப் பழகச் சொல்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்குத் தொல்லை வேறிடத்தில். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொட்டோ நெருங்கியோ எழும் ஒலிகள். பிளேட் அந்த இடத்தைத்தான் மூடிக்கொண்டிருக்கிறது. த, ந இரண்டும் மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தேடும். அங்கேயும் பிளேட்டின் விளிம்பு. வீட்டிலேயே நாளைக்குக் கால் மணித்தியாலம் தமிழ்ப் பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பதும், தெரிந்த தேவாரத்தைப் பாடுவதும் நல்ல பயிற்சி. பாடும்போது ஒலி நீள்வதால் நாக்குக்குப் புது இடத்தைத் தேட நேரம் கிடைக்கிறது. சில நாளில் நாக்குத் தானே வழி கண்டுபிடித்துவிடும். அதுவரை வகுப்பில் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையையும் மறக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையின் வீட்டில் அந்த வருடம் முழுதும் அந்தப் பரீட்சையைச் சுற்றியே நடக்கும். அவசரமில்லாத பிளேட்டைப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தொடங்குவது பிள்ளைக்கும் சிகிச்சைக்கும் செய்யும் தீங்கு. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் முந்திய வாரமும் வேண்டாம். முறுக்கும் தொதலும் இருக்கும் வீட்டில் புதுப் பிளேட் நிற்காது.

சாப்பாட்டில் முக்கியமானது ரொட்டி. தடித்த கோதுமை மா ரொட்டியைப் பிய்த்து மெல்வது முதல் கிழமையில் பிள்ளையால் ஆகாது. பருப்பில் ஊறவைத்து, அல்லது சோறு குழைத்து, அல்லது இடியப்பமும் சொதியுமாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ட்வின் பிளாக்கை முதல் சில நாளுக்குப் பிறகு சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல், விழுந்து முன்பல் அடிபட்ட ஒரு சிறுவனுக்காக அதைச் செய்தபோதே, நாள் முழுதும் வாயில் இருக்கும் கருவியாகத்தான் எண்ணினார். மற்றப் பிளேட்டுகளைச் சாப்பிடும்போது கழற்றலாம் என்றால், கழற்றி வைக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதியம் லன்ச் ஷீட்டில் சுற்றிவைத்த பிளேட் லன்ச் ஷீட்டோடு குப்பைக்குப் போகும். மூடியுள்ள ஒரு சவர்க்காரப் பெட்டி போதும். பீலித் தண்ணீர் தை மாசி மாதங்களில் பல்லைக் கூசவைக்கும் குளிர்; அழுத்தம் பட்டுக் கூசும் பல்லைத் துலக்கப் பிள்ளை பின்வாங்குவது இயல்பு. வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான உப்புநீர் கொடுக்கலாம். பிளேட்டை மட்டும் சுடுநீரில் கழுவக் கூடாது, அடுப்படித் திண்ணையில் வைக்கவும் கூடாது; அக்ரிலிக் நெளிந்துவிட்டால் பிறகு பொருந்தாது. சீனி போட்ட தேத்தண்ணியைச் சாப்பாட்டு வேளைக்குள் வைத்துக்கொண்டு, இடையில் தண்ணீர் மட்டும் குடிப்பது பிளேட் இருக்கும் காலத்துக்கு அவசியம். பிளேட்டுக்கு அடியில் தங்கும் சீனியை எச்சில் கழுவாது.

இவ்வளவையும் கேட்டு ஒருவர் கேட்கலாம்: ஏற்கெனவே முதுகொடிய வேலை செய்யும் தாயின் தலையில் இன்னொரு சுமையா? நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த ஏற்பாடு தாயிடம் நின்றுவிடக் கூடாது என்கிறேன். பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் நிபுணரின் குறிப்பு ஒன்று போனால், பிளேட் போடுகிறதா, முரசு வீங்கியிருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா என்று அவரால் பாடசாலைப் பக்கத்திலேயே பார்க்க முடியும். பேராதனைப் பயணங்களில் சில தேவையற்றுப் போகும். வகுப்பாசிரியருக்கு நான்கு வரி எழுதினால், ‘பல்லன்’ என்று பட்டப்பெயர் வைக்கும் பிள்ளைகளுக்குப் பிளேட்டை அவரே ஒருமுறை காட்டி விளக்கிவிடுவார். மறைத்து வைத்ததைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், விளக்கிக் காட்டியதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். ஒரே பாடசாலையில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தேவை இருந்தால், அவர்களுக்கு ஒரே நாளில் திகதி கொடுப்பது இன்னும் நல்லது. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒருவர் கூட்டிக்கொண்டு போய்வரலாம், மற்ற இரண்டு தாய்மாருக்கும் பேர் போகாது. பிள்ளைகளுக்கும் தாம் மட்டும் தனித்துவிடவில்லை என்ற தெம்பு வரும். இதில் எதற்கும் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வேண்டாம். யார் யாருக்கு எழுதுவது என்ற ஒழுங்கு மட்டும் வேண்டும்.

பெரியவர்கள் என்ன ஏற்பாடு செய்தாலும், சலுகை கொடுத்தால் பிள்ளைகள் ஏமாற்றும், கண்டிப்புத்தான் வழி என்றும் சிலர் சொல்வார்கள். கண்டிப்பால் பிளேட் வாய்க்குள் போகும் என்பது உண்மை. பெரியவர் பார்க்கும் நேரத்தில் மட்டும் போகும். பல் நகர்வதற்கு வேண்டியது பெரியவர் பார்க்காத மணித்தியாலங்களும் சேர்ந்த கணக்கு. அதனால் பிள்ளையிடமே கணக்கைக் கொடுப்பது மேல்: கலண்டரில் ஒவ்வொரு நாளும் போட்ட மணித்தியாலத்தைத் தானே எழுதட்டும், குறைவாக எழுதினாலும் திட்ட வேண்டாம். குறைத்து எழுதிய உண்மை, கூட்டி எழுதிய பொய்யை விட வைத்தியருக்குப் பயன்படும். எட்டு மணித்தியாலம்தான் போடுகிறது என்று தெரிந்தால், இரவில் மட்டும் போதுமான ஒரு திட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். முதல் மூன்று நாளைக்கு இரண்டு இரண்டு மணித்தியாலமாகக் கூட்டிக்கொண்டு போவதையும் நான் விரும்புகிறேன். முதல் நாளே முழுநாளும் போடச் சொல்லித் தோற்கவைப்பதை விட அது நல்லது.

இத்தனை செய்தும் சில பிள்ளைகள் பழகாது. வீட்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கலாம், மண்சரிவால் குடும்பம் வேறிடத்தில் தங்கியிருக்கலாம், பிள்ளைக்கே இப்போது மனம் இல்லாமல் இருக்கலாம். அப்போது சிகிச்சையை நிறுத்துவதும் வைத்தியம்தான். எடுப்புப்பல்லுக்கு எட்டு வயதில் தொடங்கியதைப் பன்னிரண்டில் மறுபடி தொடங்கினாலும் இறுதிப் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று மேலே சொன்ன ஆய்வுகள் காட்டியிருப்பதால், நிறுத்துவதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. உள்ளே விழுந்து கடிக்கும் பல், பக்கக் கடி போன்றவற்றுக்கு மட்டும் ஒட்டிவைக்கும் வழி உண்டா என்று பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது பிள்ளையின் முன்னால், அதன் மேல் பழி போடாமல், எப்போது திரும்பி வரலாம் என்று வயதைச் சொல்லி அனுப்ப வேண்டும். அட்டையில் ‘ஒத்துழைப்புப் போதாது’ என்ற வரிக்குப் பதிலாக நடந்ததை எழுத வேண்டும்: வீட்டில் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கம்பி உடைந்து ஐந்து வாரம் திருத்தப்படவில்லை, விளக்கம் தமிழில் கொடுக்கப்படவில்லை, பன்னிரண்டு வயதில் மீண்டும் பார்க்கவும். நான்கு வருடம் கழித்து அந்த அட்டையைத் திறக்கும் வேறொரு வைத்தியருக்கு, எதை மாற்றினால் இந்தப் பிள்ளை பழகும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.